பொச்சு தாயைச் சொல்லும்: தென்னையின் பலம் எங்கிருந்து வருகின்றது?

யுத்தம் முடிந்த பின் வன்னிக்குத் திரும்பியவர்கள் எல்லோரும் தலையில்லாத தென்னைகளைப் பார்த்திருப்பார்கள். ஷெல் பட்டு வட்டு பறந்துபோன மரங்கள் அவை. பளையில் தோட்டம் தோட்டமாக நின்றன. புதுக்குடியிருப்பில் வளவுக்கு இரண்டு, மூன்று என்று நின்றன. ஓலை இல்லை, குலை இல்லை. தென்னைக்கு இருப்பது ஒரேயொரு குருத்து. அது போனால் மரத்துக்கு உயிர் இல்லை. ஆனாலும் அந்த மரங்கள் உடனே விழவில்லை. செத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் நிமிர்ந்தே நின்றன.

உயிர் போன மரத்தை நிமிர்த்தி வைத்திருந்தது எது? பாடசாலையில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் படித்து மறந்துபோன ஒரு சொல்தான் இதற்குப் பதில்: கலச்சுவர். தாவரத்தின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றி ஒரு சுவர் இருக்கின்றது. கலம் செத்துப் போனாலும் சுவர் அப்படியே நிற்கும். நாம் மரம் என்று சொல்லும் பொருள் பெரும்பாலும் இந்தச் சுவர்கள்தான்.

அந்தச் சுவர் எதனால் ஆனது, அதன் பலத்தை எது தீர்மானிக்கின்றது, வடக்கில் இப்போது புதிதாகத் தென்னை வைப்பவர்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்விகளோடு புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் சில நாட்கள் அலைந்தேன். குருநாகல், கம்பஹா, புத்தளம் ஆகிய மூன்று மாவட்டங்களையும் சேர்த்துத் தெங்கு முக்கோணம் என்பார்கள். தெங்கு ஆராய்ச்சி நிறுவகமும் புத்தளம் மாவட்டத்திலேயே, லுணுவில பண்டிரிப்புவ தோட்டத்தில் இருக்கின்றது. 1929இல் ஓர் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கியது அது. மாரவிலயிலிருந்து சிலாபம் தாண்டும் வரை வீதியோரம் எங்கும் பொச்சுக் குவியல்களும் தும்பு ஆலைகளும் காணலாம். கலச்சுவரைப் பற்றிப் படிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் இலங்கையில் இல்லை.

சீனிச் சங்கிலிகளால் ஒரு சுவர்

கலச்சுவரின் முக்கியப் பொருள் பல்சக்கரைட்டுகள். பெயர்தான் கடினமானது. பல சீனி மூலக்கூறுகளைக் கோர்த்த சங்கிலி என்பதே அதன் பொருள். அவற்றில் முதன்மையானது செலுலோசு. குளுக்கோசு மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் நேர்கோட்டில் கோர்த்தால் செலுலோசு கிடைக்கும்.

சோற்றில் உள்ள மாப்பொருளும் அதே குளுக்கோசினால் ஆனதுதான். வித்தியாசம் கோர்க்கும் விதத்தில் இருக்கின்றது. மாப்பொருளில் எல்லா மூலக்கூறுகளும் ஒரே பக்கம் பார்த்தபடி இணைகின்றன, அதனால் சங்கிலி சுருளும். செலுலோசில் ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி இணைகின்றன, அதனால் சங்கிலி நேராக நிற்கும். நேரான சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படுத்து இறுக்கமான நுண்ணிழைகளாகின்றன. ஒரே சீனிதான், ஆனால் ஒன்று நெல்மணிக்குள் சோறாகவும் மற்றது வெளியே வைக்கோலாகவும் ஆகிவிடுகின்றது. முதலாவதை நாம் உண்கிறோம், இரண்டாவதை மாட்டுக்குப் போடுகிறோம்.

வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டிய எவருக்கும் மிச்சத்தை விளங்கப்படுத்துவது சுலபம். கொங்கிறீற் தூணில் கம்பி இருக்கும், கம்பியைக் கட்டிப் பிடிக்கக் கட்டுக்கம்பி இருக்கும், இடைவெளியை நிரப்பச் சீமெந்துக் கலவை இருக்கும். கலச்சுவரில் செலுலோசு நுண்ணிழைதான் கம்பி. அதைச் சுற்றிப் பிடிப்பவை அரைச்செலுலோசு எனப்படும் வேறு சீனிச் சங்கிலிகள். கலத்துக்கும் கலத்துக்கும் இடையே பசையாக இருப்பது பெக்டின். சில கலங்களில் இறுதியாக இலிக்னின் என்ற பொருள் வந்து எல்லா இடைவெளிகளையும் நிரப்பி இறுகும். இலிக்னின் சீனிச் சங்கிலி அல்ல, வேறு வகைச் சேர்மம். சுவரில் அது செய்வது சீமெந்தின் வேலை.

தென்னையின் அடிமரத்தில் இந்த வேலை பல பத்தாண்டுகள் தொடர்கின்றது. வேம்பு, மா, பலா போன்ற மரங்களில் பட்டைக்குக் கீழே மாறிழையம் என்ற படை இருக்கின்றது. அது ஆண்டுதோறும் புதிய மரத்தைச் சேர்ப்பதால் அந்த மரங்கள் பருக்கின்றன. தென்னையிலும் பனையிலும் மாறிழையம் கிடையாது. ஆகவே தென்னை உள்ளே இருக்கும் கலங்களின் சுவர்களையே தடிப்பாக்கிக்கொண்டு போகின்றது. மரத்தின் அடிப்பகுதி நுனியை விடப் பலமாகவும், வெளிப்புறம் மையத்தை விட அடர்த்தியாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தென்னஞ்சலாகைக்கு வெளிப்புறத்தையே எடுத்து நடுப்பகுதியைத் தச்சர்கள் ஒதுக்குவதும் இதனால்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கின்றது. மாறிழையம் இல்லாத மரத்தில் காயம் மூடுவதில்லை. ஷெல் துண்டு பட்ட வேப்பமரம் சில வருடங்களில் பட்டையை வளர்த்துக் காயத்தை மறைத்துவிடும். உயிர் தப்பிய தென்னையிலும் பனையிலும் அந்தத் துளை மரம் இருக்கும்வரை இருக்கும். பளைப் பக்கம் போகிறவர்கள் இன்றும் அதைப் பார்க்கலாம்.

சுவரைக் கட்டும் மேசன்

இந்தச் சுவர் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பரம்பரையலகுகள் தீர்மானிக்கின்றன. இந்தியத் தமிழில் மரபணு என்று சொல்வதைத்தான் எங்கள் பாடப்புத்தகங்கள் பரம்பரையலகு என்கின்றன. ஒரு விடயத்தை இங்கே கவனிக்க வேண்டும். பரம்பரையலகு நேரடியாகச் சுவரைக் கட்டுவதில்லை. அது மேசனைத்தான் உருவாக்குகின்றது. மேசன் என்பது இங்கே நொதியம் என்ற புரதம். எந்தச் சீனியை எடுப்பது, எந்தப் பக்கம் திருப்பிக் கோர்ப்பது, எந்த இடத்தில் கிளை வைப்பது, எங்கே வெட்டுவது என்ற ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மேசன் இருக்கின்றார். ஒரு மேசன் வராவிட்டால் சுவரின் தன்மையே மாறிவிடும்.

செலுலோசைக் கோர்க்கும் நொதியத்துக்கான பரம்பரையலகு தாவரங்களில் முதன்முதலாக 1996இல் பருத்தியில் அடையாளம் காணப்பட்டது. பருத்தி இழை கிட்டத்தட்ட முழுவதும் செலுலோசு என்பதால் அங்கே தேடினார்கள். இரண்டு ஆண்டுகளின் பின் ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் அரபிடொப்சிசு என்ற சிறு செடியில் இந்தப் பரம்பரையலகு ஒன்று பழுதானால் என்ன ஆகும் என்று காட்டினார்கள். சூடு கூடியபோது அந்தச் செடியின் வேர்கள் நீளாமல் வீங்கிப் போயின. சுவரில் கம்பி குறைந்ததால் உள்ளிருக்கும் நீரின் அழுத்தத்தைச் சுவரால் தாங்க முடியவில்லை.

நெல்லில் நடந்தது இன்னும் தெளிவான உதாரணம். சில நெல் வகைகளில் தாளை வளைத்தால் அது மடங்காமல் சட்டென்று முறியும். பயிர் மற்றப் பயிர்களைப் போலவே பச்சையாக நிற்கும், கையால் வளைத்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். இதற்குக் காரணமான பரம்பரையலகு ஒன்றை 2003இல் சீன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது பழுதானபோது தாளின் சுவரில் செலுலோசு குறைந்திருந்தது. ஒரேயொரு பரம்பரையலகில் ஏற்பட்ட மாற்றம் வயலில் கைக்குத் தெரியும் மாற்றமாக வந்துவிட்டது.

கம்பியின் அளவு மட்டுமல்ல, அது எந்தப் பக்கமாகக் கிடக்கின்றது என்பதும் முக்கியம். செலுலோசை நெய்யும் நொதியங்கள் கூட்டமாகச் சேர்ந்து கலத்தின் மேற்பரப்பில் நகர்ந்தபடியே இழையை விடுகின்றன. அவை நகரும் பாதையைக் கலத்துக்குள் இருக்கும் நுண்குழாய்கள் காட்டுகின்றன. பாதை நேராக இருந்தால் நுண்ணிழைகள் நாரின் நீளப்பாட்டில் கிடக்கும். பாதை சரிந்திருந்தால் அவை நாரைச் சுற்றிச் சுருளாகக் கிடக்கும். இந்தச் சரிவு என்ன செய்யும் என்பதை ஒரு தும்பு ஆலையில் கையில் பிடித்துப் பார்க்கலாம்.

தும்பு ஏன் இழுபடுகின்றது?

மாதம்பைப் பக்கம் நான் போன ஆலை ஒரு தகரக் கொட்டில். முன்னால் பெரிய குழிகளில் பொச்சு மட்டைகள் வாரக்கணக்கில் ஊறிக்கொண்டிருந்தன. அந்த நாற்றம் வீதி வரை வந்தது. குழியில் நடப்பதும் பல்சக்கரைட்டுக் கதைதான். நீரில் இருக்கும் பக்ரீரியாக்கள் பெக்டின் என்ற பசையைத் தின்று கரைக்கின்றன. பசை போனதும் தும்பு தும்பாகப் பிரிக்க முடிகின்றது. செலுலோசையும் இலிக்னினையும் அவற்றால் அவ்வளவு சுலபமாகத் தொட முடியாது. அதனால் நார் மிஞ்சுகின்றது.

ஊறிய மட்டையைச் சுழலும் உருளையில் பிடிக்கும்போது மூன்று பொருட்கள் பிரிகின்றன. நீளமான முரட்டுத் தும்பு தூரிகைக்குப் போகின்றது. குறுகிய தும்பு மெத்தைக்கும் கயிற்றுக்கும் போகின்றது. கீழே மண்ணிறத்தில் கொட்டுவது தும்புத்தூள். ஒரு காலத்தில் கழிவாகக் குவிந்து கிடந்த இந்தத் தூளை இன்று கட்டிகளாக்கி வெளிநாட்டுத் தோட்டங்களுக்கு அனுப்புகின்றார்கள்.

தும்பும் தும்புத்தூளும் ஒரே மட்டையிலிருந்து வருபவை. இரண்டிலும் உள்ள பரம்பரையலகுகள் ஒன்றே. ஆனால் தும்பாக வேண்டிய கலத்தில் தடித்த சுவர் கட்டும் மேசன்கள் வேலைக்கு அழைக்கப்படுகின்றார்கள். தூளாக வேண்டிய கலத்தில் அவர்கள் அழைக்கப்படுவதில்லை. ஆகவே ஒன்று இறுகிய நாராகின்றது, மற்றது மெல்லிய சுவருள்ள வெற்று அறையாக நின்று தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடிக்கின்றது. பரம்பரையலகு இருப்பது ஒன்று, அது எங்கே, எப்போது வேலை செய்கின்றது என்பது இன்னொன்று.

பருத்தி இழையில் 90 சதவீதம் அளவுக்குச் செலுலோசு இருக்கின்றது, இலிக்னின் கிட்டத்தட்ட இல்லை. தென்னந்தும்பில் இலிக்னின் மட்டும் 40 சதவீதம் வரை இருக்கும். அதனால்தான் தும்பு கடல்நீரிலும் மழையிலும் சீக்கிரம் உக்குவதில்லை. இன்னொரு வித்தியாசம் நுண்ணிழையின் சரிவு. சணல் போன்ற நார்களில் நுண்ணிழைகள் கிட்டத்தட்ட நேராகக் கிடக்கின்றன. அந்த நார்கள் பலமானவை, ஆனால் சிறிது இழுத்தாலே அறுந்துவிடும். தும்பில் நுண்ணிழைகள் ஏறக்குறைய 45 பாகை சரிந்து சுருள் வில்லைப் போலக் கிடக்கின்றன. இழுத்தால் சுருள் விரியும். சணல் இனத்து நார்கள் இரண்டு, மூன்று சதவீதம் நீண்டாலே அறுந்துபோக, தும்பு 15 சதவீதத்துக்கு மேல், சில வேளை 30 சதவீதம் வரை நீண்டுதான் அறும். உடப்பில் கரைவலை இழுப்பவர்களின் தகப்பன், பாட்டன் காலத்தில் தும்புக் கயிறு அலையின் உதறலைத் தாங்கியதற்குக் காரணம் இதுதான்.

தயிராகிப்போன தேங்காய்

இலங்கையில் தென்னை வகைகளை ஒழுங்காக வகைப்படுத்தியவர் லுணுவிலயில் பணியாற்றிய பரம்பரையியலாளர் டி.வி. லியனகே. 1958இல் அவர் வெளியிட்ட வகைப்பாட்டை இன்றும் பயன்படுத்துகின்றார்கள். நெட்டை இனம், குட்டை இனம், செவ்விளநீர் இனம் என்ற பிரிவுகளும் நெட்டை இனத்துக்குள் பல வடிவங்களும் அதில் இருக்கின்றன. அவற்றில் மூன்றைக் கவனியுங்கள். நவசி என்ற வடிவத்தில் இளங்காயின் பொச்சு மென்மையாக இருக்கும், அதைத் தின்னலாம். போர பொல் என்பதில் சிரட்டை வழக்கத்தை விட மிகவும் தடிப்பாக இருக்கும். திகிரி பொல் என்பதில் பருப்பு கட்டியாக இல்லாமல் தயிர் போலக் குழைந்திருக்கும். பொச்சு, சிரட்டை, பருப்பு என்று மூன்று இடங்களில் சுவர் கட்டும் வேலை மாறியிருக்கின்றது. மூன்றும் ஒரே தென்னைதான்.

இவற்றில் திகிரியின் கதைதான் விஞ்ஞானிகளுக்கு நன்கு தெரிந்தது. தமிழ்நாட்டில் இதைத் தயிர்த் தேங்காய் என்பார்கள். பிலிப்பைன்சில் மகாபுனோ, இந்தோனேசியாவில் கொப்யோர். இலங்கையில் இது அதிகமும் தெற்கே, அம்பாந்தோட்டைப் பக்கத்தில் கிடைக்கின்றது.

இளநீர் வெட்டினால் உள்ளே வழுக்கல் இருக்கும். கரண்டியால் வழித்துத் தின்னலாம். அதே காய் முற்றினால் துருவலையில் வைத்துத் துருவ வேண்டும். இடையில் நடந்தது என்ன? வழுக்கலின் கலச்சுவரில் கலக்டோமனன் என்ற சீனிச் சங்கிலி நிறைய இருக்கின்றது. மனோசு என்ற சீனி முதுகெலும்பாக நீளமாகப் போகும். அதன் பக்கங்களில் கலக்டோசு என்ற சீனி கிளைகளாகத் தொங்கும். கிளைகள் இருக்கும்வரை சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்க முடியாது. இடையில் நீர் புகுந்து எல்லாம் வழுவழுப்பாக இருக்கும். காய் முற்றும்போது அல்பா கலக்டோசிடேசு என்ற நொதியம் இந்தக் கிளைகளை வெட்டிவிடுகின்றது. மொட்டையான சங்கிலிகள் நெருங்கி அடுக்கப்பட்டு இறுகுகின்றன. பருப்பு கட்டியாகின்றது.

1984இல் பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் மகாபுனோவின் பருப்பைச் சோதித்தபோது அதில் இந்த வெட்டும் நொதியத்தின் வேலை மிகக் குறைவாக இருக்கக் கண்டார்கள். கிளை வெட்டும் மேசன் வரவில்லை. அதனால் காய் முற்றியும் பருப்பு இறுகவில்லை.

இந்தக் குணம் பின்னிடைவானது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளித்தெரியும். ஒரு பிரதி மட்டும் உள்ள மரம் பார்வைக்குச் சாதாரண மரம்தான். அப்படிப்பட்ட இரண்டு மரங்களின் மகரந்தம் சேரும்போது நான்கில் ஒரு காய் திகிரியாகும் வாய்ப்பு இருக்கின்றது.

திகிரிக் காயை முளைக்க வைத்தால் முளைக்காது. உள்ளே முளையம் நலமாகத்தான் இருக்கின்றது. ஆனால் முளைக்கும் கன்று பருப்பைக் கரைத்து உண்டுதான் வளர வேண்டும். குழைந்து கெட்டுப்போகும் பருப்பில் அது நடப்பதில்லை. ஆகவே நல்ல விலை போகும் இந்தத் தேங்காய் தன்னைத் தானே பெருக்க முடியாதது. அதைத் தாங்கி நிற்கும் சாதாரண மரங்கள் இருக்கும்வரைதான் அது உலகில் இருக்கும். 1960களில் பிலிப்பைன்சில் முளையத்தை மட்டும் வெளியே எடுத்து ஆய்வுகூடப் போத்தலில் போசணை கொடுத்து வளர்க்கும் முறையைக் கண்டார்கள். லுணுவில நிறுவகமும் திகிரி முளையங்களை இப்படி வளர்த்திருக்கின்றது.

சுவர் என்பது வெறும் வேலியல்ல என்பதை இந்தக் கதை சொல்கின்றது. அதுவே அடுத்த தலைமுறையின் சாப்பாட்டின் ஒரு பங்கு. முளைவிட்ட தேங்காய்க்குள் இருக்கும் பூரானை நாம் விரும்பித் தின்கிறோம். அந்தப் பூரானின் வேலை எண்ணெயையும் கலச்சுவரில் சேமித்த மனோசையும் கரைத்துக் கன்றுக்குக் கொடுப்பதுதான்.

"அதே மரம் வருமா?"

புத்தளம் நகருக்கு வெளியே ஒரு குடியிருப்பில் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டவர் எழுபது வயது தாண்டிய ஓர் உம்மா. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்தவர். பத்தாண்டுகளுக்கு மேல் தும்பு ஆலையில் வேலை செய்தவர். அவருடைய பழைய வளவில் ஒரு தென்னை இன்னும் நிற்கின்றதாம். தன் வாப்பா வைத்த மரம் என்றார்.

"மகள், அதுட காயொண்டு கொண்டாந்து இங்க வெச்சா, அதே மரம் வருமா?"

சரியான பதில்: பாதி வரும். வாழைக்குப் பக்கக்கன்று இருக்கின்றது. மாமரத்தை ஒட்ட முடியும். அவற்றில் தாய்மரமே திரும்ப வரும். தென்னையில் பக்கக்கன்றும் இல்லை, ஒட்டும் இல்லை. காய் ஒன்றுதான் வழி. காயில் தாயின் பங்கு பாதி, மகரந்தம் தந்த மரத்தின் பங்கு பாதி. நெட்டைத் தென்னையில் ஒரு பாளையின் ஆண்பூக்கள் உதிர்ந்த பிறகே அந்தப் பாளையின் பெண்பூக்கள் தயாராகும். ஆகவே மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து காற்றோடும் தேனீயோடும் வருகின்றது. குட்டை இனங்களில் இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் அவை தம்மைத் தாமே சூலாக்கிக்கொள்ளும். கன்றுகள் தாயைப் போலவே இருக்கும்.

ஒரு காயைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்ளலாம், எதைத் தெரிந்துகொள்ள முடியாது என்பதும் இதில் அடங்கியிருக்கின்றது. பொச்சும் சிரட்டையும் முழுக்க முழுக்கத் தாய்மரத்தின் இழையம். தகப்பன் யாராக இருந்தாலும் பொச்சின் தடிப்பும் தும்பின் தன்மையும் தாயுடையவைதான். உள்ளே இருக்கும் பருப்பு அப்படியல்ல. அது வித்தகவிழையம். தாயிடமிருந்து இரண்டு பங்கும் தகப்பனிடமிருந்து ஒரு பங்கும் சேர்ந்து உருவாவது. திகிரி மரத்துக்குப் பக்கத்தில் சாதாரண மரம் இருந்தால் அதன் மகரந்தம் பட்டு, திகிரி மரத்திலேயே கட்டிப் பருப்புள்ள காய் வந்துவிடும். எனவே பெரிய பொச்சைப் பார்த்து நல்ல கன்று வரும் என்று நம்புபவர்கள் தாயை மட்டுமே பார்க்கிறார்கள். தகப்பனை யாரும் பார்ப்பதில்லை.

அந்த உம்மாவுக்கு இதை இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. பாதி வாப்பாவுடைய மரம், பாதி அயல் மரம் என்றேன். "அயலும் எங்கட அயல்தானே" என்றார்.

வடக்கில் வைக்கப்படும் கன்றுகள்

தகப்பனையும் தெரிந்துகொள்வதற்காக அமைக்கப்பட்ட இடம் புத்தளம் மாவட்டத்தின் அம்பகெலே விதைத்தோட்டம். 1950களில் உருவாக்கப்பட்டது. வெளி மகரந்தம் எளிதில் வந்து சேராதபடி மற்றத் தோட்டங்களிலிருந்து பிரித்து, தேர்ந்தெடுத்த மரங்களின் பிள்ளைகளை மட்டும் நட்டார்கள். அங்கே கிடைக்கும் காய்க்குத் தாயும் தெரியும், தகப்பன் கூட்டமும் தெரியும். நெட்டையையும் குட்டையையும் கலந்த கலப்பினங்களும் இதே வழியில் வந்தவை.

தென்னையின் முழுப் பரம்பரைத் தொகுதியை முதன்முதலாகச் சீன ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். 2021இல் வெளியான இன்னொரு ஆய்வு நெட்டையையும் குட்டையையும் பக்கம்பக்கமாக வைத்து, உயரத்திலும் தும்பின் அளவிலும் அவை வேறுபடுவதற்கான காரணங்களைப் பரம்பரையலகு மட்டத்தில் தேடியது. உயரத்துக்கு ஜிபரெலின் என்ற ஓமோனைத் தயாரிக்கும் ஒரு நொதியத்தின் பரம்பரையலகைச் சுட்டியது. கன்றாக இருக்கும்போதே ஓர் இலைத் துண்டைச் சோதித்து மரத்தின் குணத்தைச் சொல்லும் காலம் வரலாம். ஆனால் கன்று நடும் எங்கள் சனங்களுக்கு இன்றைக்கு அது உதவாது. இன்றைக்கு உதவுவது தாய்மரத்தைப் பார்ப்பது.

2025 செப்டெம்பரில் முல்லைத்தீவு மாவட்டத்தில் வடக்குத் தெங்கு முக்கோணத் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தொட்ட காலத்துக்குப் பின் வந்த திட்டம் என்பதால் அதற்கு வரவேற்பு இருந்தது. இதற்கு முன்பும் மீள்குடியேற்றக் காலத்தில் வீட்டுக்கு இரண்டு, மூன்று கன்றுகள் கொடுக்கப்பட்டன. எனக்குத் தெரிந்த குடும்பங்களில் எவருக்கும் அந்தக் கன்றுகள் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தன என்று சொல்லப்படவில்லை. கேட்கவும் தோன்றியதில்லை. எல்லாம் இழந்து வந்தவர்கள் கொடுத்ததை வாங்கினார்கள். ஆனால் நெட்டைத் தென்னை காய்க்கவே ஆறு, ஏழு வருடங்கள் செல்லும். பிறகு அறுபது வருடங்கள் நிற்கும். பிழையான கன்று என்று தெரிய வரும்போது பத்து வருடம் போயிருக்கும். ஆகவே இலவசமாகக் கிடைத்தாலும் எந்த விதைத்தோட்டத்துக் கன்று, என்ன இனம் என்று கேட்க வேண்டும். கேட்பது எங்கள் உரிமை.

சொந்த ஊர்க் காயில் கன்று போட விரும்புபவர்களும் இருக்கிறார்கள். யுத்தத்தைத் தாண்டி நின்ற மரம் என்பதற்காகவே அதை விரும்புகின்றார்கள். ஷெல் படாமல் தப்பியது அதிர்ஷ்டம், அது பரம்பரைக் குணமல்ல. ஆனால் பல வறட்சிகளைத் தாண்டி ஒழுங்காகக் காய்த்த மரம் என்றால் அதில் பரம்பரையின் பங்கு இருக்கின்றது. இப்படித் தேர்வு செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில.

கிணற்றடியிலும் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்திலும் நிற்கும் மரத்தைத் தாய்மரமாக எடுக்க வேண்டாம். அது நன்றாகக் காய்ப்பது தண்ணீராலும் எருவாலும் இருக்கலாம். அதைக் கன்று கொண்டு போகாது. சாதாரண நிலத்தில், மற்ற மரங்களோடு நின்றே அவற்றை விட அதிகம் காய்க்கும் மரத்தைப் பாருங்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் நாலைந்து வருடங்கள் ஒழுங்காகக் காய்த்ததா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். நடுவயது மரமாக இருக்கட்டும். ஓலைகள் நிறைந்து, குலைகள் மட்டையில் உறுதியாகத் தாங்கி நிற்க வேண்டும். காய் நன்றாக முற்றியிருக்க வேண்டும். சுற்றியுள்ள மரங்களும் நல்லவையாக இருக்கும் தோப்பிலிருந்து காய் எடுங்கள். தகப்பன் யாரென்று தெரியாவிட்டாலும் நல்ல கூட்டத்திலிருந்து வந்தவர் என்ற நம்பிக்கையாவது இருக்கும். நாற்றுமேடையில் முந்தி முளைத்து, கழுத்துத் தடித்து வளரும் கன்றுகளை எடுத்து, பிந்தியவற்றை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, தென் மாகாணத்திலிருந்து தெரிந்தவர் மூலம் கன்று கொண்டுவர வேண்டாம். வெலிகமப் பக்கத்தில் 2006இல் கவனிக்கப்பட்ட இலை வாடல் நோய் அங்கே பரவியிருப்பதால், நோய்ப் பிரதேசங்களிலிருந்து தென்னங்கன்றுகளை வெளியே கொண்டுசெல்வது தடை செய்யப்பட்டிருக்கின்றது. இதுவரை அந்த நோய் வராத வடக்குக்கு அதைக் கொண்டு வந்துவிடக் கூடாது.

ஒரு தென்னை விழும்போது நாங்கள் காயையும் ஓலையையும் நிழலையும் கணக்குப் பார்க்கிறோம். நட்டஈட்டுப் படிவங்களும் அவற்றைத்தான் கேட்கின்றன. அந்த மரத்தின் பரம்பரையலகுச் சேர்க்கை வேறெந்த மரத்திலும் அதேபோல் இல்லை என்பது எந்தப் படிவத்திலும் வராது. பிள்ளை இல்லாமல் விழுந்த மரத்தோடு அதுவும் போய்விடுகின்றது. செத்த மரத்தின் சுவர் பல வருடம் நிற்கலாம், ஆனால் அந்தச் சுவரைக் கட்டிய கட்டளை உயிருள்ள குருத்திலும் காய்க்குள் இருக்கும் முளையத்திலும்தான் இருக்கின்றது. உங்கள் ஊரில் யுத்தத்துக்கு முந்திய தென்னைகள் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் நல்லவை எவை என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். வரும் மழைக்கு முன் அவற்றிலிருந்து சில காய்களை நாற்றுக்கு ஒதுக்குங்கள்.